மீதியை விட்டுவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

வினாடிகளை நாள், மணி, நிமிடமாகப் பிரிக்கும் உன் நிரல், 100000 வினாடியைக் கொடுத்தால் "27 மணி 1666 நிமிடம்" என்கிறது. வகுத்தலில் பிழை இல்லை. மணிக்கணக்கில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வினாடிகளையே நிமிடத்திலும் மறுபடி எண்ணியிருக்கிறாய், அவ்வளவுதான். பெரிய அலகிலிருந்து தொடங்கு. ஈவை அந்த அலகுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை மட்டும் அடுத்த வரிக்குக் கொண்டுபோ (// முழு எண் ஈவைத் தரும், % மீதியைத் தரும்):

நாள் = மொத்தம் // 86400
மீதி = மொத்தம் % 86400
மணி = மீதி // 3600
மீதி = மீதி % 3600
நிமிடம் = மீதி // 60
வினாடி = மீதி % 60

(பைத்தான் 3 நிரல்மொழி தமிழ் மாறிப் பெயர்களை ஏற்கும், மொத்தத்துக்கு ஒரு மதிப்பைக் கொடுத்து இப்படியே ஓட்டிப் பார்.) 100000-இல் 1 நாள் கழிந்தால் மீதி 13600. அதில் 3 மணி போக 2800. அதில் 46 நிமிடம் போக 40 வினாடி.

சாய்கோடு இரண்டு வேண்டும். 100000-ஐ 3600-ஆல் வகுக்கும்போது ஒன்றே போட்டால் 27.77 என்று தசமம் வரும். அதை அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் 28 மணி, இல்லாத நேரம். சி, ஜாவா இரண்டிலும் முழு எண்களுக்கு ஒற்றைக் கோடே போதும். ஜாவாஸ்கிரிப்ட்டில் தசமத்தை நீயேதான் வெட்ட வேண்டும்.

தசம வினாடிகள் வந்தால் இன்னும் கவனம். 119.7-ஐப் பிரித்தால் 1 நிமிடம் 59.7 வினாடி. காட்டும்போது அந்த 59.7-ஐ முழுமையாக்கினால் திரையில் "1 நிமிடம் 60 வினாடி" என்று நிற்கும். பலமுறை சரியாக ஓடிவிட்டு எப்போதாவதுதான் இது தலைகாட்டும் என்பதால் கண்டுபிடிப்பது தொல்லை. முதலில் 119.7-ஐ 120 ஆக்கு, பிறகு பிரி. வரிசை மாறக் கூடாது.

எதிர்ம எண்ணில் மொழிக்கு மொழி விடை வேறு. -1-ஐ 60-ஆல் வகுத்தால் பைத்தானில் ஈவு -1, மீதி 59. சி-யில் ஈவு 0, மீதி -1. குறியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நேர்ம எண்ணைப் பிரிப்பதே நல்லது.

மாதம், வருடம் வரை போக நினைக்காதே. மாதத்துக்கு 28 முதல் 31 நாள் வரை உண்டு; தொடக்கத் தேதி தெரியாமல் வகுக்க முடியாது.

நிரலைத் திருத்தியதும் 0, 59, 60, 3599, 3600, 86399, 86400 ஆகிய ஏழையும் கொடுத்துப் பார். 86399-க்கு 23 மணி 59 நிமிடம் 59 வினாடி வர வேண்டும்; அடுத்ததற்குச் சரியாக 1 நாள், மற்றதெல்லாம் 0.

அன்புடன்,
அக்கா