நாற்பது வளைவும் நம்முடையது

அன்புள்ள மாப்பிள்ளை,

போன வாரம் வால்பாறை போய்விட்டு வந்தேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே உன் ஞாபகம்தான். லீவு முடிந்து ஹாஸ்டலுக்கு இறங்கும்போதெல்லாம் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருவோமே, அதேபோல ஒரு பையன் எனக்கு முன் சீட்டில் இருந்தான்.

மொத்தம் 64 கிலோமீட்டர்தான். ஆழியாறு வரைக்கும் தென்னந்தோப்பு, சமதளம். அணையைத் தாண்டி வனத்துறை செக்போஸ்ட், குரங்கு அருவி. அதற்கப்புறம் மலை ஆரம்பிக்கிறது. வளைவுக்கு வளைவு பலகையில் 1/40, 2/40 என்று எண். நாம் சத்தமாக எண்ணிக்கொண்டே போவோமே!

ஒன்பதாவது வளைவில் பஸ் கொஞ்சம் மெதுவானது. பாறை விளிம்பில் நாலு வரையாடுகள், குட்டி ஒன்று. கீழே ஆழியாறு அணை, தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி. அந்த இடத்துக்கு லோம்ஸ் வியூ என்று பெயர். இந்த மலைப்பாதையை அமைத்த வெள்ளைக்கார இன்ஜினீயர் லோமின் பெயர் அது. அட்டகட்டி, வாட்டர்பால்ஸ் எஸ்டேட் தாண்டி கவர்கல் பக்கம் போனால் வழக்கம்போல ஒரே பனிமூட்டம். வழியில் கார்வர் மார்ஷ் சிலையும் அப்படியே நிற்கிறது. 1890களில் காட்டை அழித்துத் தோட்டம் போட வந்த துரைகளில் ஒருவர். முதலில் காபி, பிறகுதான் தேயிலை.

சிலையைக் கடக்கும்போது எனக்கு மனசு கனத்துவிட்டது. என் தாத்தாவைச் சேலத்துப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரிதான் கூட்டிவந்தார். சாலை இருந்தது, வண்டியில் ஏறக் காசில்லை. அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அட்டைக்கடியோடு நடந்தே ஏறியதாகப் பாட்டி சொல்வாள். மலைக்காய்ச்சலில் போனவர்கள் எத்தனை பேரோ. கல் உடைத்தவன், மண் சுமந்தவள் பெயர் நாற்பது வளைவில் ஒன்றுக்காவது இருக்கிறதா, சொல். லோமுக்கும் மார்ஷுக்கும் இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. நம் ஆட்களுக்கும் ஒரு கல்லாவது நட்டிருக்கலாம்.

சந்தோஷமான விஷயமும் உண்டு. புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள், சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடப்பதற்கு. ஒரு கூட்டம் வரிசையாக அதில் போனதைக் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் கீழே காரை நிறுத்திச் சிப்ஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம்தான் குரங்கைத் தார்ரோட்டுக்கே இறக்கிவிடுகிறது. இறங்கிப்போய் ஒருவரிடம் சொன்னேன், நல்லவேளை கேட்டுக்கொண்டார்.

நம் பாடியில், அந்த எஸ்டேட் லைன் வீடுகளில், பாதி பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டார்கள்.

சரி, உன்னிடம் ஒரு வேலை. உன் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவள், ரோட்டு வேலைக்குப் போனதாக உன் அம்மா ஒருமுறை சொன்னார்கள். எந்த வளைவு, எந்த வருஷம், கூலி எவ்வளவு, கூட யார் யார் போனார்கள் என்று கேட்டு எழுது. அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டியிருக்குமே. இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடு.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து சீட்டுக்காரன்