ஊற்றை அளக்காமல் குத்தகை கொடுக்காதீர்கள்

அமெரிக்க நில மேலாண்மைப் பணியகத்தின் யூட்டா மாநில அலுவலகத்துக்கும், மாண்டி-லா சால் தேசிய வன அதிகாரிகளுக்கும்,

வணக்கம். வாசாட்ச் பீடபூமியில் மத்திய அரசுக்குச் சொந்தமான நிலக்கரியைச் சுரங்கம் வழியே எடுக்கக் குத்தகை கேட்டு வரும் விண்ணப்பங்களை மதிப்பிடுவது நீங்கள்தான். நான் நிலத்தடி நீரியல் படித்தவன், இந்த மாநிலத்தில் குடியிருப்பவன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: குத்தகைக்கு முன்பே தண்ணீரை அளந்து முடியுங்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே நிலக்கரி பெரும்பாலும் லாங்வால் முறையில்தான் எடுக்கப்படுகிறது. ஏறத்தாழ ஆயிரம் அடி அகல முகப்பை இயந்திரம் குறுக்கும் நெடுக்குமாகச் சீவிக்கொண்டே போகும். தலைக்கு மேலே ஹைட்ராலிக் தாங்கிகள் கூரையைப் பிடித்து நிற்கும். இயந்திரம் முன்னேற முன்னேறத் தாங்கிகளும் நகரும். காலியான பின்பகுதியில் கூரை இடிந்து விழும். அது விபத்தல்ல, அந்த முறையே அப்படித்தான். விழுந்த பாறைக்கு மேலுள்ள அடுக்குகள் விரிசல் விடும், அதற்கும் மேலே உள்ளவை வளையும், கடைசியில் தரை சில அடி உள்வாங்கும். இப்படி நடக்கும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. விரிசல் எதுவரை ஏறும், நடுவில் தங்கியிருக்கும் நீர் எங்கே போகும் என்பதில்தான் எல்லா வழக்கும்.

நிலக்கரி இருப்பது பிளாக்ஹாக் பாறையில். அதற்கு வெகு உயரத்தில், நார்த் ஹார்ன் களிமண் அடுக்குகளில் தங்கும் உருகிய பனியின் நீர் சரிவுகளில் ஊற்றாகக் கசிகிறது. நேரில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. கட்டைவிரல் பருமனில் ஒரு குழாய், கீழே துருப்பிடித்த தொட்டி, சுற்றிலும் செம்மறி ஆடும் எல்க் மானும் மிதித்த சேறு. ஆகஸ்டில் மலை காய்ந்து கிடக்கும்போது அந்தக் குழாயில் வழிவதை நம்பித்தான் மந்தைகளும் காட்டு விலங்குகளும் இருக்கின்றன.

அந்த ஊற்று ஒரே சீராக ஓடுவதில்லை. பனி அதிகம் பெய்த ஆண்டில் பெருகும், வறண்ட ஆண்டில் நூலாகும். ஜூன் மாதம் ஒருமுறை போய் அளந்துவிட்டு வந்தால் கையில் ஓர் எண் இருக்கும். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பத்து ஆண்டு கழித்து ஊற்று நின்றுபோனால் சுரங்கம் வறட்சியைக் காட்டும், மேய்ப்பவர் சுரங்கத்தைக் காட்டுவார். பழைய பதிவு இல்லாதபோது யார் சொல்வது உண்மை என்று எந்த நீரியலாளராலும் தீர்த்துச் சொல்ல முடியாது.

இதே பீடபூமியிலுள்ள ஸ்கைலைன் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்ததை உங்கள் அலுவலகமே அறியும். 2001-இல் அங்கே நீர் உடைத்துக்கொண்டு வந்தது, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான காலன் இறைக்க வேண்டியிருந்தது. ஹண்டிங்டன் அனல்மின் நிலையத்துக்கு நீர் தரும் எலக்ட்ரிக் ஏரியிலிருந்துதான் அது வடிகிறது என்றது மின்நிறுவனம். ஆழத்துப் பாறையில் காலகாலமாகத் தேங்கிய நீர் அது என்றது சுரங்க நிறுவனம். நீரின் வயதைக் கண்டறியும் சோதனைகள் எல்லாம் நடந்தும் சர்ச்சை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பெரிய மின்நிறுவனத்துக்கே இந்தப் பாடு என்றால், ஒரு தொட்டியை நம்பி ஆடு மேய்ப்பவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

சட்டமும் அவருக்கு முழுத் துணையாக இல்லை. 1992-இல் மத்திய சட்டத்தில் சேர்த்த விதி, சுரங்கத்தால் கெட்ட குடிநீரையும் வீட்டு உபயோக நீரையும் நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. யாருடைய வீட்டுக்கும் போகாத காட்டு ஊற்று அந்த விதிக்குள் வராது. அதற்கு நீங்கள் தரக்கூடிய உறுதியான பாதுகாப்பு, குத்தகைப் பத்திரத்தில் எழுதும் நிபந்தனைதான். முதற்காலம் 20 ஆண்டு, அதன் பின்னும் உற்பத்தி நடக்கும்வரை நீடிக்கும் ஒரு உரிமையைக் கொடுத்துவிட்டு, அடுத்த கட்ட அனுமதியில் திருத்திக்கொள்ளலாம் என்பது எனக்கு நம்பிக்கை தரவில்லை.

பாறையின் சுமையைப் பற்றியும் இதே கட்டத்தில் பேசியாக வேண்டும். 2007 ஆகஸ்ட் 6 அன்று கிராண்டல் கேன்யன் சுரங்கத்தில், கூரையைத் தாங்க விட்டுவைத்த நிலக்கரித் தூண்கள் நொறுங்கி 6 தொழிலாளர்கள் உள்ளே புதைந்தார்கள். பத்து நாள் கழித்து அவர்களை மீட்கப் போன 3 பேரும் இறந்தார்கள். அந்த 6 பேரின் உடல்களை இன்றுவரை வெளியே எடுக்க முடியவில்லை. எடுக்க முடிந்த நிலக்கரியை முடிந்தவரை எடுக்கச் செய்வது உங்கள் சட்டக் கடமைகளில் ஒன்று என்று தெரியும். எவ்வளவு டன் கிடைக்கும் என்ற கணக்கோடு, எதைத் தொடாமல் விட வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

கிரீன்ஸ் ஹாலோ என்ற நிலக்கரி நிலத் தொகுதிக்கு ஆய்வு ஆண்டுக்கணக்கில் நடந்து 2017-இல்தான் ஏலம் முடிந்தது. அந்தத் தாமதம் சுரங்கக் குடும்பங்களை எவ்வளவு வாட்டியது என்பதை நான் மறுக்கவில்லை. அவர்கள் பிழைப்பு அதில் இருக்கிறது. குத்தகைப் பணத்தில் பாதி மாநிலத்துக்கு வருகிறது. ஆனால் 2025 ஏப்ரலில், நில மேலாண்மைப் பணியகம் இயங்கும் மத்திய உள்துறை (Interior) அறிவித்த அவசர நடைமுறைப்படி, சிறிய சுற்றுச்சூழல் மதிப்பீடு 14 நாளிலும் முழு அறிக்கை 28 நாளிலும் முடிந்துவிடலாம். பனி உருகி, ஊற்று பெருகி, மறுபடி வற்றும் ஒரு சுற்றுக்கே ஓராண்டு வேண்டும். அதை 28 நாளில் யாராலும் பார்க்க முடியாது.

ஆகவே, விண்ணப்பம் வந்த தொகுதியில் உள்ள ஒவ்வொரு ஊற்றையும் ஓடையையும் குறைந்தது மூன்று ஆண்டு, அதில் ஒன்றாவது பனி குறைந்த ஆண்டாக, மாதந்தோறும் அளக்கச் செய்யுங்கள். நிலக்கரியின் தடிமன் அறியப் போடும் துளைகளை மூடிவிடாமல் நீர்மட்டம் பார்க்கும் கிணறுகளாக வைத்திருங்கள். அந்த அளவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஆண்டு முழுவதும் ஓடும் ஓடைக்கடியில் பாறை மெலிந்திருந்தால், அங்கே தரை உள்வாங்கக் கூடாது என்று குத்தகையிலேயே எழுதுங்கள். வற்றிய ஊற்றுக்கு வீட்டு இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாற்றுநீர் தருவதற்கான பிணைத்தொகையை ஏலத்துக்கு முன்பே நிர்ணயியுங்கள். இப்போது உங்கள் மேசையில் இருக்கும் விண்ணப்பத்திலிருந்தே இதைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
யூட்டாவில் வாழும் நிலத்தடி நீரியலாளர் ஒருவர்