நம் டிரோன் குழுவின் ஆண்டறிக்கை: காற்றும் கட்டடமும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இங்கே வந்திருக்கும் உறுப்பினர்கள், பெற்றோர், பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் கேட்டுக்கொண்டபடி இந்த ஆண்டு அறிக்கையைத் தமிழில் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் இதைத் தாங்களே எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. டிரோன், பேட்டரி, ரிமோட், ஜிபிஎஸ் போன்ற சொற்களை நாம் பேசுகிறபடியே விட்டிருக்கிறேன்.

இப்போது உறுப்பினர் 27 பேர். அவர்களில் 6 பேர் 16 வயதுக்கு உட்பட்டவர்கள். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பறப்பு நாட்களைப் பற்றிச் சொல்லும் முன், புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். டர்பனில் நாம் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதியில் இத்தனை மைதானங்கள் இருக்க, உம்சிண்டோ ஊரைத் தாண்டி ஒரு கரும்புத் தோட்டத்துக்கு ஏன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிப் போகிறோம்? 2015 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் தென்னாப்பிரிக்க விதிகள்தான் காரணம். பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் டிரோன் 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். தரையிலிருந்து 150 அடிக்கு, அதாவது சுமார் 45 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆட்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளியே பறக்க வேண்டும். பிறர் வீடு, கட்டடம், நிலம் என்றால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அந்த 50 மீட்டருக்குள் போகக் கூடாது. பகல் வெளிச்சத்தில், கண் பார்வைக்குள் மட்டுமே பறக்கலாம். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் விலகி நிற்க வேண்டும். இந்தக் கடைசி விதியை வரைபடத்தில் வட்டமாகப் போட்டுப் பாருங்கள். வெருலம், டோங்காட் ஊர்கள் இரண்டும் கிங் ஷாகா விமான நிலைய வட்டத்துக்குள் விழுகின்றன. உம்கேனி சாலைக் கோவில் வர்ஜீனியா விமான நிலைய வட்டத்துக்குள் விழுகிறது. சாட்ஸ்வொர்த்துக்குத் தெற்கே பழைய விமான நிலையத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது, அதனால் சாட்ஸ்வொர்த் மைதானங்களும் நமக்கு ஆகாது. நமக்கு நல்ல மனதோடு இடம் கொடுத்த தோட்டத்து ஐயாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

இடம் கிடைத்தது. ஆனால் காற்றைப் பற்றி நமக்குப் போதிய அறிவு இல்லை என்பதை இந்த ஆண்டுதான் உணர்ந்தோம். அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

தோட்டத்தில் தகரக் கூரை போட்ட பழைய கிடங்கு ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். உயரம் சுமார் 12 மீட்டர். ஐயாவிடம் கேட்டுக்கொண்டு, ஒரு பிற்பகல் அதைச் சுற்றிப் படமெடுக்கலாம் என்று என் டிரோனை எடுத்தேன். வடகிழக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. கைக் காற்றுமானியைப் பிடித்துப் பார்த்தேன். விநாடிக்கு 2 மீட்டர் காட்டியது. என் டிரோன் விநாடிக்கு 10.7 மீட்டர் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். இது ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட்டேன். நான் அளந்த இடம் கிடங்கின் மறைவு, அதாவது காற்று வந்து மோதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். திறந்த வெளியில் அன்று வீசிய காற்று விநாடிக்கு 8 மீட்டர். அதைப் பிறகுதான் அளந்தேன்.

சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் ஓட்டிக்கொண்டு போனேன். மூலை தாண்டியதும் டிரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்று தள்ளும்போது இடம் மாறாமல் நிற்க அது காற்றை எதிர்த்துச் சாயும். அதன் இயல்பே அதுதான். கட்டடத்தின் மூலையில் காற்று பிதுங்கி ஓடுவதால் அங்கே வேகம் கூடும். அந்த வேகத்துக்கு ஏற்ப நன்றாகச் சாய்ந்து நின்ற டிரோன், அடுத்த நொடி காற்றே இல்லாத மறைவுக்குள் வந்துவிட்டது. எதிர்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் சாய்ந்த திசையிலேயே பாய்ந்து தகரத்தில் மோதி விழுந்தது. கையை எடுக்கக்கூட நேரம் இல்லை. இறக்கைகள் மூன்று உடைந்தன, கேமரா தாங்கி வளைந்தது. கீழே யாரும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் இரண்டு பிள்ளைகள் அந்த வழியாகத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். அதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு பதறுகிறது. ஓட்டியவன் நான், தவறும் என்னுடையது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடுத்த பறப்பு நாளில் டிரோன் எதையும் எடுக்கவில்லை. பிள்ளைகளை அழைத்து, நீண்ட மூங்கில்களில் துணி நாடா கட்டி, கிடங்கைச் சுற்றி நட்டோம். அன்று பார்த்ததை எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை. காற்று வந்து மோதும் பக்கத்தில், சுவருக்கு முன்னாலேயே நாடாக்கள் மேல்நோக்கித் துள்ளின. மூலையில் விறைத்து நின்றன. மறைவுப் பக்கத்தில், சுவரடியில் நட்ட நாடாக்கள் கிடங்கை நோக்கித் திரும்பி ஆடின. அங்கே காற்று பின்வாங்கிச் சுருள்கிறது. சரி, கொஞ்சம் தள்ளிப் போனால் அடங்கும் என்று பார்த்தால், 60 மீட்டரில் நட்ட நாடாவும் ஒரு நிலையில் நிற்கவில்லை. 100 மீட்டரைத் தாண்டிய பிறகுதான் எல்லாம் ஒரே பக்கமாக நீண்டன. ஒரு சின்னப் பெண் சொன்னாள்: "அங்கிள், ஆத்துல கல்லுக்குப் பின்னாடி தண்ணி சுத்துமே, அந்த மாதிரி." அவள் சொன்னது முற்றிலும் சரி.

அன்றே செயற்குழு முடிவெடுத்தது. கட்டடத்தின் மறைவுப் பக்கத்தில் அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தள்ளி நிற்போம். காற்றை அளப்பது திறந்த வெளியில், கையைத் தலைக்கு மேல் தூக்கி, இரண்டு நிமிடமாவது பார்த்து. சராசரியைவிட இடையிடையே வரும் வீச்சைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். வீச்சு விநாடிக்கு 8 மீட்டரைத் தொட்டால் அன்று சிறிய டிரோன்கள் பெட்டியிலேயே இருக்கும். தயாரிப்பாளர் 10.7 என்று சொல்கிறாரே என்று சிலர் கேட்டார்கள். தரையில் 8 என்றால் 45 மீட்டர் உயரத்தில் அதைவிடக் கூடுதல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். காற்றுமானி கையில் இல்லாதவர்கள் மரத்தைப் பார்க்கலாம். சின்னக் கிளைகள் அசைந்து புழுதியும் காகிதமும் பறந்தால் எச்சரிக்கை. இலை அடர்ந்த சிறு மரங்கள் முழுதாகவே ஆடினால் வீட்டுக்குப் போகலாம்.

டர்பன் காற்றின் குணத்தையும் சொல்ல வேண்டும். தமிழில் தென்றல் என்றால் தெற்கிலிருந்து வரும் இதமான காற்று. வகுப்பில் பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள். இங்கே தெற்கும் தென்மேற்கும் வேறு. குளிர்காலக் கடைசியில் மலைப்பக்கத்திலிருந்து வெயில் போல் சுடும் உலர்காற்று வரும். அது ஓய்ந்து சற்று அமைதியானதும், தென்மேற்குக் காற்று ஒரேயடியாகப் பாயும். வெப்பமும் சட்டென்று இறங்கும். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை அப்படித்தான் ஆனது. நல்ல சூடு, இலை அசையவில்லை, மூன்று டிரோன்கள் மேலே. கடற்கரையில் வலை இழுத்த மீனவர் குடும்பத்தில் பிறந்த நம் மூத்த உறுப்பினர் தாத்தா, தெற்கே தாழ்வாக வந்த மேக வரிசையைப் பார்த்து, "இறக்குங்க எல்லாத்தையும், இப்பவே" என்றார். இரண்டு உடனே இறங்கின. மூன்றாவது வடகிழக்கில் 200 மீட்டர் தள்ளி இருந்தது. காற்று வந்த கணத்தில் அதற்கு எதிர்க்காற்றாகிவிட்டது. ஓட்டிய தம்பி பதறாமல் கரும்புக்குச் சற்று மேல் வரை தாழ்த்தி, அங்கே காற்று குறைவு என்பதால், மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவந்தார். பேட்டரி 14 சதவீதத்தில் தரையைத் தொட்டது. அவருக்கு இந்தச் சபையில் பாராட்டுத் தெரிவிக்கிறேன்.

இதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது: முதலில் காற்றை எதிர்த்துப் போவது, திரும்பும்போது காற்றோடு வருவது. கணக்கு எளிது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் டிரோனை 6 மீட்டர் காற்றோடு 500 மீட்டர் அனுப்பினால் 31 விநாடியில் போய்விடும். திரும்பி வர 125 விநாடி. போக ஆன நேரத்தைப் போல் நான்கு மடங்கு. பேட்டரி பாதி இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விபத்தும் நடந்தது. சிக்னல் விட்டுப்போனால் டிரோன் தானாகத் திரும்பும் ஏற்பாட்டில் ஓர் உறுப்பினர் 20 மீட்டர் உயரம் வைத்திருந்தார். நடுவே தைலமர வரிசை, 30 மீட்டர். டிரோன் நேராக மரத்துக்குள் போனது. உயரத்தை அங்குள்ள மிக உயர்ந்த மரத்தைவிடக் கூட்டி வைக்க வேண்டும். ஆனால் மேலே போனால் எதிர்க்காற்றும் கூடும் என்பதால் பேட்டரியை முன்கூட்டியே பார்த்துத் திரும்ப வேண்டும். அப்புறம், பக்கி வண்டியின், அதாவது பின்பக்கம் திறந்த சிறு லாரியின், பின்பலகையில் வைத்து டிரோனைக் கிளப்ப வேண்டாம். அடியில் இருக்கும் இரும்பு, டிரோனின் திசைகாட்டியான காம்பஸைக் குழப்பும். கம்பி போட்ட கான்கிரீட் தரையும் அப்படித்தான். உயர்ந்த சுவருக்கு அருகே ஜிபிஎஸ் சிக்னல் மறைக்கப்படும், சுவரில் பட்டுத் திரும்பியும் வரும். டிரோன் தான் நிற்கும் இடத்தையே தவறாகக் கணக்கிடும். தடை உணரும் சென்சார்கள் மெல்லிய மின்கம்பியையும் கண்ணாடியையும் சரியாகக் காண்பதில்லை. வேகமாகப் பறப்பதற்கான ஸ்போர்ட் மோடில் பெரும்பாலான டிரோன்களில் அவை வேலையே செய்யாது.

கரும்புக்கு மருந்து தெளிக்கும் சிறு விமானங்கள் மிகத் தாழ்வாக வரும். சத்தம் கேட்டாலே இறக்கிவிடும் ஒழுங்கை எல்லாரும் ஆண்டு முழுதும் காத்தீர்கள்.

தைப்பூசத்தின்போது ஒரு கோவில் நிர்வாகத்தினர் காவடி ஊர்வலத்தை மேலிருந்து படமெடுத்துத் தரக் கேட்டார்கள். மறுத்தோம். அவர்களுக்கு வருத்தம், நமக்கும் வருத்தம். நம் தாத்தா பாட்டிகள் கரும்புக்காட்டுக்கு வந்த காலத்திலிருந்து தூக்கிவரும் காவடி அது. அதைப் படமெடுக்க எனக்கு ஆசை இல்லாமலா? ஆனால் பாலும் பூவும் சுமந்து, பல நாள் விரதம் இருந்து, தன்னை மறந்து நடக்கிறவர் தலைக்கு மேல் சுழலும் இறக்கையை நிறுத்த எனக்கு மனம் வராது. கூட்டத்திலிருந்து 50 மீட்டர் என்ற விதி அங்கே நடக்காது. காசு வாங்காவிட்டாலும், கோவிலுக்காகச் செய்வது தனிப்பட்ட பொழுதுபோக்குக் கணக்கில் வராது. அதற்கு உரிமம் பெற்றவர்கள் வேண்டும். கோபுரத்தைச் சுற்றிக் காற்று என்ன செய்யும் என்பதையும் கிடங்கில் பார்த்துவிட்டோம். பதிலாக நம் உறுப்பினர்கள் இருவர் நீண்ட கம்பியின் நுனியில் கேமரா கட்டி, ஓரமாக நடந்து படமெடுத்துக் கொடுத்தார்கள். நிர்வாகத்தினர் மனம் குளிர்ந்தார்கள்.

வரும் ஆண்டுக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. திறந்த வெளியில் 6 மீட்டர் கம்பம் நட்டு காற்றின் திசையைக் காட்டும் நிலையான துணிக் காற்றுப்பை கட்ட வேண்டும், ஐயா சம்மதித்துவிட்டார். இறக்கைகளை ஒவ்வொரு பறப்பு நாளிலும் நகத்தால் தடவிப் பார்த்து, சிறு கீறல் இருந்தாலும் மாற்றும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். ஒவ்வொரு விபத்தையும், மோதாமல் தப்பியதையும், குறிப்பேட்டில் எழுத வேண்டும். யார் பெயரும் வேண்டாம். காற்றின் திசை, வேகம், கட்டடம் அல்லது மரத்தின் உயரம், டிரோன் நின்ற இடம் போதும். முதல் பக்கத்தில் என் கிடங்கு விபத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

மதிய உணவு சமைத்துக் கொடுத்த அக்காமாருக்கும், பிள்ளைகளை வண்டியில் ஏற்றிவந்த பெற்றோருக்கும் நன்றி. அடுத்த பறப்பு நாளுக்கு மூங்கிலும் துணி நாடாவும் கொண்டுவரக்கூடியவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள். இந்த முறை தைலமர வரிசைக்குப் பின்னால் நடப் போகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்