வெள்ளி மணியருகே

நிஷி கசாய், டோக்கியோ

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு எங்கள் ஆசிகளைச் சொல். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே.

"நம்ம டோக்கியோ ஸ்டேஷன் அப்படியேதான் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். இல்லை. நீ 2006-ல் கிளம்பினாய். அடுத்த அக்டோபரிலேயே டிக்கெட் கேட்டுக்கு உள்பக்கம், தரைக்குக் கீழே, கிரான்ஸ்டா என்ற கடைவீதியைத் திறந்தார்கள். நாம் சந்தித்துக்கொள்ளும் வெள்ளி மணியும் அப்போதுதான் மாறியது. 1968-லிருந்து எண்ணினால் இது நான்காவது மணி. 2020 ஆகஸ்டில் இன்னும் அறுபதுக்கும் மேற்பட்ட கடைகள் சேர்ந்தன. ரயில் ஏறாதவர்கள்கூட நுழைவுச் சீட்டு எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். இரண்டு மணி நேரம் சுற்றலாம்.

இதன் தொடக்கத்தை நீயும் பார்த்திருக்கிறாய். 2005-ல் ஓமியா நிலையத்துக்குள் எக்யூட் என்ற கடைவீதி திறந்தபோது நாம் போய் வந்தோமே. 1987-ல் அரசு ரயில்வேயைப் பிரித்துத் தனித்தனி நிறுவனங்களாக்கிய பிறகு, டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பியிருக்க முடியாத நிலை. தினமும் லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் இடம் கையிலேயே இருக்கும்போது வேறு எங்கே தேடுவார்கள்?

சரி, உனக்கு முக்கியமான செய்திக்கு வருகிறேன். நின்றுகொண்டே சாப்பிடும் சோபா நூடுல்ஸ் கடையில், சாற்றில் மீன் இருப்பது தெரிந்ததும் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாயே, நினைவிருக்கிறதா? அதன் பிறகு கிளம்பும்வரை, உமெபோஷி என்ற புளிப்பு ஊறுகாய் வைத்த சோற்று உருண்டைதான் உனக்கு இந்த நிலையத்தில் சாப்பாடு. இப்போது கேயோ ரயில் பாதைக்குப் போகும் வழியில் டீஸ் தான்தான் என்று ஒரு ராமென் நூடுல்ஸ் கடை இருக்கிறது. 2011-லிருந்து நடக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. எள்ளை விழுதாக அரைத்துச் சேர்த்த கெட்டியான சாறு, மேலே உதிர்த்த சோயா. முதல் வாய் எடுத்ததுமே உன்னை நினைத்தேன். ஐந்து வருடம் முன்னால் திறந்திருக்கக் கூடாதா என்று மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் அதிகம் போவது எகிபென் கடைக்குத்தான். 'எகிபென்யா மட்சுரி' என்று பெயர். நாடு முழுவதிலுமிருந்து வரும் ரயில் சாப்பாட்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தொயாமாவின் மீன் சுஷி மூங்கில் இலையில் பொதிந்து வருகிறது. செந்தாயின் மாட்டு நாக்குப் பெட்டியில் ஒரு நூல் தொங்கும். அதை இழுத்தால் அடியில் சுண்ணாம்பும் தண்ணீரும் கலந்து சூடேறி, ஆவி பறக்கச் சோறு தயாராகிறது.

எனக்குப் பிடித்தது யோகோகாவாவின் பானைச் சாதம். கோழி, காளான், மூங்கில் குருத்து, காடை முட்டை எல்லாம் ஒரு சின்ன மண்பானையில் இருக்கும். யோகோகாவாவைத் தாண்டியதும் ரயில் ஏற வேண்டிய உசுய் மலைப்பாதை செங்குத்தானது. ரயிலைத் தள்ள யோகோகாவாவில் கூடுதல் எஞ்சின் மாட்டுவார்கள். அந்த நேரத்தில் பிளாட்பாரத்தில் சுடச்சுட விற்பதற்காக 1958-ல் வந்த சாப்பாடு இது. 1997-ல் நாகானோவுக்கு ஷிங்கன்சென் அதிவேக ரயில் வந்ததும் அந்த மலைப்பாதையையே மூடிவிட்டார்கள். யோகோகாவாவுக்கு அப்பால் ரயில் கிடையாது. ஆனால் பானை மட்டும் டோக்கியோவரை வருகிறது. ரயிலே போகாத பாதையின் சாப்பாட்டை நிலையத்து நடுவில் வாங்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைந்துவிடும். காலிப் பானையைத் தூக்கிப்போட மனம் வராது. வீட்டில் நான்கு சேர்ந்துவிட்டன. ஒன்றில் என் மனைவி புளி ஊறவைக்கிறாள்.

இல்லாமல் போனவையும் உண்டு. ஒசாகா போகும் டொகைதோ ஷிங்கன்சென்னில் தின்பண்டம் விற்கும் தள்ளுவண்டி இனி வராது. 2023 அக்டோபரோடு நிறுத்திவிட்டார்கள். குனிந்து வணங்கிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் பெண்களை நீ எவ்வளவு மரியாதையாகப் பேசுவாய்! கரண்டி இறங்காத அந்த வெனிலா ஐஸ்கிரீமை இப்போது பிளாட்பாரத்து இயந்திரத்தில் வாங்க வேண்டும். வண்டி நின்றதால் ஏறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள், நிலையத்துக் கடைகளில் கூட்டம் இன்னும் நெரிகிறது. உட்கார மட்டும் இடம் போதவில்லை. இவ்வளவு பெரிய நிலையத்தில் வயதானவர்கள் பயணப் பெட்டியின் மேல் அமர்ந்து சாப்பிடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் நூறு நாற்காலி போடலாம்.

வெளியே மாருனோஉச்சி பக்கத்துச் செங்கல் கட்டடமும் மாறியிருக்கிறது. 1945 குண்டுவீச்சில் எரிந்துபோன குவிமாடங்களை 2012-ல் மறுபடி எழுப்பிவிட்டார்கள். அப்பாவைக் கவனித்துக்கொள்ளத் தம்பி வருகிறானென்றால், இலையுதிர் காலத்தில் பத்து நாள் வந்து போயேன். நரிதாவிலிருந்து நேராக டோக்கியோ நிலையத்துக்கு வந்துவிடு. வெள்ளி மணியருகே நில், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். முதலில் எள்ளு ராமென், அப்புறம்தான் வீடு. தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்