அடுத்த வருடம் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பப்போகும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு வருடத்துக்கு எவ்வளவு உங்களால் கொடுக்க முடியும் என்பதை, பிள்ளை கல்லூரிப் பட்டியல் போடுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் இது பெரும்பாலும் நடப்பதில்லை. "நீ நல்லாப் படி, காசை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லியே வளர்க்கிறோம். அப்புறம் ஏப்ரலில், அனுமதி கிடைத்துப் பிள்ளையின் மனசு ஒரு கல்லூரியில் போய் உட்கார்ந்த பிறகு, ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைக்கலாமா என்று ராத்திரியில் கணக்குப் போடுகிறோம். அந்த நேரத்தில் "முடியாது" என்று கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. செப்டம்பரிலேயே தொகை தெரிந்தால் பிள்ளையே அதற்குத் தகுந்த மாதிரி தேடும்.

"நன்றாகப் படிக்கிறவள்தானே, ஸ்காலர்ஷிப் தானாக வரும்" என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீகின் எட்டுக் கல்லூரிகளும், எம்ஐடியும் படிப்புத் திறமைக்காக ஒரு டாலர்கூடக் கொடுப்பதில்லை. அங்கே வருகிற எல்லாருமே முதல் வரிசைக்காரர்கள். பணம் குடும்பத்தின் தேவையைப் பார்த்து மட்டும்தான். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அந்தத் தேவைக் கணக்கில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டும் செலவையும் தாங்க முடியாமல் போகலாம். டியூக், வான்டர்பில்ட் போன்ற இடங்களில் மெரிட் உதவி, அதாவது படிப்புத் திறமைக்கான பணம், உண்டு, ஆனால் மிகச் சிலருக்கே.

மெரிட் பணம் தாராளமாகக் கிடைப்பது, உங்கள் பிள்ளை தங்களிடம் வந்தால் நல்லது என்று நினைக்கிற கல்லூரிகளில். அதாவது அங்கே சேருகிறவர்களில் உங்கள் பிள்ளையின் மதிப்பெண் மேல் வரிசையில் இருக்க வேண்டும். அலபாமா பல்கலைக்கழகம் போன்றவை பள்ளி கிரேடுக்கும் எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் எவ்வளவு தருவார்கள் என்பதை அட்டவணையாகவே வெளியிடுகின்றன. வேறு பல இடங்களில் சிறந்த மாணவர்களுக்கான தனிப் பிரிவான ஹானர்ஸ் காலேஜில் இடமும் சேர்ந்து கிடைக்கும். "அந்த ஊருக்கா அனுப்புறீங்க?" என்று விருந்தில் நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் யாரும் உங்கள் கடனைக் கட்டப்போவதில்லை.

ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும், உதவி போக உங்களுக்கு எவ்வளவு செலவாகும் என்று தோராயமாகக் காட்டும் நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் இருக்கும். 2011 முதல் சட்டப்படி கட்டாயம். விண்ணப்பிக்கும் முன் வருமான வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை நிரப்பிப் பாருங்கள். ஃபெடரல் அரசின் உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கேட்காது; பல தனியார் கல்லூரிகள் கேட்கும் இன்னொரு விண்ணப்பமான சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் கேட்கும். ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் ஃபாஃப்சாவில் முன்பு கிடைத்த சலுகை 2024-25 முதல் இல்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்து படிக்கும்போது சமாளித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அது பழைய கதை.

ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் எர்லி டிசிஷனில் கையெழுத்துப் போடும் முன் ரொம்ப யோசியுங்கள். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. வேறு கல்லூரிகள் என்ன தருகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லை. மெரிட் பணத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

அப்புறம், இடம் கொடுத்த கல்லூரி எவ்வளவு பணம் தரும் என்று அனுப்பும் உதவிக் கடிதம். உதாரணத்துக்கு, வருடத்துக்கு மொத்தச் செலவு 68,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டீன்ஸ் ஸ்காலர்ஷிப் 22,000, அதற்குக் கீழேயே ஃபெடரல் லோன் 5,500, கூட்டி "உங்களுக்கான உதவி 27,500" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். மீதி 40,500தானே என்று தோன்றும். கடன் எப்படி உதவியாகும்? உண்மையான செலவு 46,000, நான்கு வருடத்துக்கு 1,84,000. அதுவும் கட்டணம் ஏறாமல் இருந்தால். பல இடங்களில் ஸ்காலர்ஷிப் தொகை நான்கு வருடமும் அதே 22,000தான். ஏறுகிற கட்டணம் முழுவதும் உங்கள் தலையில் விழும். ஒரு பேனாவை எடுத்து லோன் வரியை அடித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள்.

அதே கடிதத்தில், உதவி தொடர எவ்வளவு ஜிபிஏ (4.0க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். பல இடங்களில் 3.0, சில இடங்களில் அதற்கும் மேல். எஞ்சினியரிங் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கால்குலஸும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து வரும்போது அந்த அளவு எடுப்பது சாதாரண விஷயமில்லை. ஒரு செமஸ்டர் சறுக்கினால் மீட்டுக்கொள்ள அவகாசம் தருவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

எச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. இங்கேயே மழலையர் பள்ளி முதல் படித்த பிள்ளையாக இருந்தாலும் ஃபெடரல் உதவியும் கடனும் கிடையாது. கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கும் நமக்கு இது மனசை அறுக்கும் விஷயம். ஆனால் கல்லூரியே தன் பணத்தில் கொடுக்கும் மெரிட் உதவி பல இடங்களில் விசா பார்க்காது. சில இடங்களில் வெளிநாட்டு மாணவர் கணக்கில் தள்ளிவிடுவார்கள். அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கான குறைந்த கட்டணம் கிடைக்குமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இரண்டையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு செல்லாது.

கடைசியாக, வந்த தொகை போதவில்லை என்றால் அப்படியே விட்டுவிடாதீர்கள். அதே தரத்தில் உள்ள இன்னொரு கல்லூரி கூடுதலாகக் கொடுத்திருந்தால், அந்தக் கடிதத்தை இணைத்து, மறுபரிசீலனை செய்யும்படி மரியாதையாகக் கேட்கலாம். நம் ஆட்களுக்கு இப்படிக் கேட்பதில் கூச்சம் அதிகம். கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறித்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்கு முடிவு சொல்ல வேண்டிய நாள் மே 1; ஏப்ரல் முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள், அவர்கள் பார்த்துப் பதில் சொல்லவும் நாள் வேண்டும்.

அன்புடன்,
கல்லூரியில் படிக்கும் பெண்ணின் அம்மா