தாத்தாவின் பித்தளைப் பொத்தான்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணியபோது அங்கே பகல் 11 மணி என்று அம்மா கணக்குப் போட்டாள். ஆபீஸ் நேரத்தில் என்ன இவ்வளவு சாவகாசம் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

பரணில் தாத்தாவின் தகரப் பெட்டியை இறக்கினேன். கோட்டுப் பொத்தான் ஒன்று களிம்பேறிக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்தேன்.

உன் கம்பெனி கைமாறிப் பேரையும் மாற்றிவிட்டார்கள் என்றாயே, தாத்தாவின் டிராம் கம்பெனியும் அப்படித்தான். 1895 மே 7 அன்று மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது லண்டனில் டிராமைப் பெரும்பாலும் குதிரைதான் இழுத்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லும்போது தாத்தா தானே முதல் வண்டியை ஓட்டியதுபோல மீசையைத் தடவுவார். முதலில் மேலே கம்பி கிடையாது. தரைக்கடியில் கால்வாய் மாதிரி பள்ளம் வெட்டி அதற்குள் மின்சாரம். ஐப்பசி மழையைக் கண்டறியாதவன் போட்ட திட்டம்! தண்ணீரோடு மல்லுக்கட்டி, பிறகு மேலே கம்பி கட்டினார்கள். பழைய கம்பெனி கைமாறி, மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட் ஆயிற்று. பேருக்குள்ளேயே வருஷம். பஸ்கள் பெருகின, நஷ்டம் முற்றியது, 1953 ஏப்ரலில் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். அப்போது நான் கைக்குழந்தை.

ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக வைத்திருக்கிறாயா? போன தடவையும் கேட்டேன். தெருவில் உன்னைப் பற்றிப் பேசாமல் எனக்குப் பொழுது போகாது. ஆனால் மூன்று மாதமாக உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாமல்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பொத்தானைத் தேய்க்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. உன் அம்மாவுக்கும் தெரியாது. எனக்கு வேலை கிடைத்த புதிது. சாப்பாட்டு நேரத்தில் தாத்தா டிராம் கதையை எடுத்தார். "மூடின கம்பெனிக்கு இன்னும் எத்தனை நாள் டிக்கெட் கிழிப்பீங்க?" என்றேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. அதற்குப்பின் என்னிடம் டிராம் என்ற பேச்சே எடுத்ததில்லை. உனக்குச் சொன்னதெல்லாம் நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

நீயும் நேரம் பார்த்துத்தான் பேசுகிறாயோ என்று தோன்றுகிறது.

எப்போது வேண்டுமானாலும் போன் பண்ணு. கணக்குப் போடக் கூடாதென்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பொத்தான் உனக்குத்தான். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா