"அறளை பெயரத்தான் செய்யும்" என்று சொல்லி எங்களை அனுப்பாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சுகாதார சேவைகளுக்குப் பொறுப்பாக இருக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

அல்சைமர் என்னும் மறதி நோய் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பெரியம்மாவுக்கும், பிறகு அம்மாவுக்கும் அது வந்தது. மண்முனைத்துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறந்த பிறகும், தன் கடைசி வருடங்களில் அம்மா பொழுதுபடும் நேரம் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "பாதை போயித்தா மனே?" என்று, பாலத்துக்கு முன் ஆட்களை ஏற்றிச் சென்ற மிதவையைப் பற்றி என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வயது போனால் அறளை பெயரத்தான் செய்யும், அதாவது புத்தி தடுமாறத்தான் செய்யும் என்று அயலவர்கள் சொன்னதை நான் பொறுத்துக்கொண்டேன். அதே வார்த்தையைக் கிளினிக் ஒன்றில் என் தம்பி கேட்டுவிட்டு வந்ததனால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

தம்பிக்கு வயது 52. வயல் செய்பவர். வெளிநாட்டில் இருக்கும் மகள் காசு அனுப்பி வற்புறுத்தியதால், தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் கொடுத்தார். சில வாரங்களின் பின் ஆங்கிலத்தில் இரண்டு பக்க அறிக்கை வந்தது. அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் அபோ-ஈ மரபணுவின் நான்காம் வகை, இரண்டு பிரதிகள் என்பதே அதன் சாரம். டொக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் ஆய்வுகூடத்தில் சொன்னார்கள். காலை ஆறு மணிக்கு நம்பர் எடுத்துக் காத்திருந்து டொக்டரிடம் காட்டியபோது அவருக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். ஒரு காலையில் அத்தனை நோயாளரைப் பார்க்கும் வைத்தியரை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த நான்கு நிமிடம் தம்பியை என்ன செய்தது என்பதை நீங்கள் அறிய வேண்டும். அன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து, எந்த வக்கடையால் எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும், யாருக்கு எத்தனை மூடை நெல் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் எழுதத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். "நான் மறக்க முதல் எல்லாத்தையும் எழுதித் தாறன் அக்கா" என்றார். இன்றுவரை ஒரு சாமானைக்கூட மறந்து வைக்காத மனிதர் அவர்.

அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியவை அதிகமில்லை. அல்சைமரோடு தொடர்புள்ளது என்று 1993 இல் கண்டறியப்பட்ட இந்த நான்காம் வகை ஓர் ஆபத்துக் காரணி மட்டுமே, நோய் வந்துவிட்டது என்ற தீர்ப்பு அல்ல. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரிடையே நடந்த ஆய்வுகளில், ஒரு பிரதி உள்ளவருக்கு ஆபத்து ஏறத்தாழ 3 மடங்கும், இரண்டு பிரதிகள் உள்ளவருக்கு 8 முதல் 12 மடங்கும் கூடுகிறது. அப்படியிருந்தும் இரண்டு பிரதிகளோடு முதுமை வரை தெளிவாக வாழ்பவர்களும் உண்டு, ஒரு பிரதியும் இல்லாமல் நோயுறுபவர்களும் உண்டு. ஒரு பிரதியே நோயைக் கொண்டுவரப் போதுமான பிரிசெனிலின் போன்ற மரபணுக்களின் மாற்றங்கள் மிக அரிதானவை. இளவயதிலேயே நோயைத் தருபவை. தம்பியின் விடயம் அதுவல்ல. அவருக்கு இரண்டு பிரதிகள் என்றால் அம்மாவிடமும் அப்பாவிடமும் தலா ஒன்றாவது இருந்திருக்கிறது. அப்படியானால் எனக்கு இரண்டும் வந்திருக்கலாம், ஒன்று வந்திருக்கலாம், ஒன்றும் வராமலும் இருக்கலாம். இதை எங்களுக்குத் தமிழில், இருத்திவைத்துச் சொல்ல இரண்டு மாவட்டத்திலும் ஒருவரைக் காணாமல் அலைந்தோம்.

சொல்ல வேண்டியவர்கள் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லத்தான் செய்வார்கள். எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தில் நடந்த கூட்டமொன்றில், காலையில் மூன்று மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் குடித்தால் மறதி நோய் அண்டாது என்று ஒருவர் பேசி, போத்தல்களையும் அங்கேயே விற்றார். சுகாதாரத் துறையின் உத்தியோகத்தர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தம்பி நான்கு போத்தல் வாங்கினார். மூன்று மாதத்தில் அவருடைய கெட்ட கொலஸ்ட்ரோல் 118 இலிருந்து 167 ஆனது. கொழுப்பைச் சுமந்து செல்வதே அபோ-ஈ புரதத்தின் வேலை. நான்காம் வகை உள்ளவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் இயல்பாகவே கூடும் தன்மை உண்டு. நிறைகொழுப்பு மிகுந்த தேங்காயெண்ணெய் அல்சைமரைத் தடுக்கும் என்பதற்கு நிரூபணமும் இல்லை. எவருக்கு அதிகம் தீங்கோ அவருக்கே அது மருந்தாக விற்கப்பட்டிருக்கிறது. இதைப் பணிவாகச் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது.

இப்போது ஊசியின் கதை தொடங்கியிருக்கிறது. அல்சைமருக்கான ஊசி மருந்துகளான லெக்கானெமாப் 2023 இலும் டொனானெமாப் 2024 இலும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. அவை நோயின் ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கானவை, நோயில்லாதவரைக் காக்க அனுமதிக்கப்பட்டவை அல்ல. லெக்கானெமாப் பரிசோதனையில் 18 மாதங்களில் நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. ஆனால் இரண்டு பிரதிகள் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஸ்கானில் மூளை வீக்கம் தெரிந்தது. பிரதி இல்லாதவர்களில் அது 100 பேரில் 5 பேர் அளவுதான். இதை அறியாமல், வெளிநாடு சென்று ஊசி போட வயலை விற்கலாம் என்று தம்பி யோசிக்கிறார்.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஏற்கனவே நடக்கும் கிளினிக்குகளோடு சேர்த்து, மாதம் ஒரு நாள், பரம்பரையில் இந்நோய் உள்ள குடும்பங்களுக்குத் தமிழில் அரை மணிநேரம் விளக்கம் சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவரை இருத்துங்கள். அவரிடம் எங்கள் சாப்பாட்டுக்கு ஏற்ற உணவுத் தாள் ஒன்றும் இருக்க வேண்டும். எங்களிடம் நீட்டப்பட்ட தாளில் சால்மன், புளூபெரி, ஒலிவ் எண்ணெய் என்றிருக்கிறது. சாளையும் சூடையும், முருங்கைக்கீரையும் வல்லாரையும், பயறும் கௌபியும், ஒரு பிடி கச்சானும் இங்கே கிடைப்பவை. சொதிக்கு எவ்வளவு தேங்காய்ப்பால் விடலாம் என்று அந்தத் தாளில் யாராவது எழுதினால் போதும். உணவு மட்டும் எல்லாவற்றையும் தடுக்கும் என்றும் நான் நம்பவில்லை. மூளை நலத்துக்கென வகுக்கப்பட்ட, மைண்ட் எனப்படும் உணவு முறை மூன்று வருடப் பரிசோதனையில் மற்றக் குழுவை விடத் தெளிவான வித்தியாசம் காட்டவில்லை என்று 2023 இல் வெளியானது. ஆனால் பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1260 பேரிடம், உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் மற்றும் கொலஸ்ட்ரோல் கண்காணிப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் செய்தபோது பலன் கிடைத்தது. நான்காம் வகை உள்ளவர்களும் அதில் பயனடைந்தார்கள்.

டெங்கு வந்தால் வீடு வீடாக வருகிறீர்கள், நன்றி. சலரோகத்துக்கும் பிரஷருக்கும் கொப்பி இருக்கிறது. மறதி நோய்க்கு மட்டும் எங்கள் பக்கத்தில் ஒரு சுவரொட்டி கூட இல்லை. காது கேளாமையும் இந்நோயின் ஆபத்துக் காரணி என்று தெரிந்த பிறகும், காதுக் கருவி வாங்க வழியில்லாத முதியோர் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை முழுவதும் இருக்கிறார்கள். அதைப் பற்றி வேறொரு மடல்தான் எழுத வேண்டும்.

மாதம் ஒரு நாள், அரை மணிநேரம், தமிழில். இதற்குப் புதிய கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்ததும் தம்பியின் வயலுக்கு விலை பேச ஆட்கள் வருவார்கள். தயவுசெய்து அதற்கு முன் எங்களுக்கு ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மட்டக்களப்பு